மாமல்லபுரம்: கல்வெட்டு படித்தவரா, உளி பிடித்தவரா?

பள்ளிப் பிள்ளைகளை மாமல்லபுரத்துக்குக் கூட்டிப்போகும்போது இரண்டு வகை வழிகாட்டிகள் கிடைப்பார்கள். ஒருவர் வரலாறோ தொல்லியலோ படித்தவர். ஒரே பாறையில் குடைந்த தர்மராஜ ரதத்தில், பல்லவ கிரந்தம் என்ற பழைய எழுத்தில் வெட்டியுள்ள அரசரின் பட்டப்பெயர்களைப் படித்துக் காட்டுவார். இதெல்லாம் பல்லவ அரசர்களில் மாமல்லன் பணியா, ராஜசிம்மன் பணியா என்று அறிஞர்கள் போடும் பழைய சண்டையையும் சுவையாக விரிப்பார். கல்லூரி மாணவர்களுக்கு இவர்தான் சரி. எட்டாம் வகுப்புக்கு? கொஞ்ச நேரத்தில் பாதிப் பேர் ஐஸ்கிரீம் வண்டியைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

இன்னொருவர் 1957-இல் தொடங்கிய சிற்பக் கல்லூரியிலோ ஊர்ப் பட்டறையிலோ உளி பிடித்துப் பழகியவர். ஆண்டு சொல்வதில் தடுமாறுவார். ஆனால் பீம ரதத்தின் அடிப்பக்கம் முடியாமல் நிற்பதைக் காட்டி, "மேலேயிருந்து கீழே வெட்டிக்கிட்டு வந்திருக்காங்க, பாரு தம்பி" என்பார். பாறையைப் பிளக்க வரிசையாகப் போட்ட ஆப்புக் குழிகளைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்வார். அர்ச்சுனன் தபசு என்ற பெரிய பாறைச் சிற்பத்தில் பூனை பின்னங்கால்களில் நின்று தவம் செய்ய, சுற்றி எலிகள் நிற்கும் இடத்துக்கு வந்தால் அவருக்கே சிரிப்பு வந்துவிடும்.

பள்ளிக்கு என் ஓட்டு இவருக்குத்தான். எந்த அரசர், எந்த நூற்றாண்டு என்பதை மட்டும் ஆசிரியர் முன்கூட்டியே படித்துவிட்டுப் போகட்டும்.