பூனை மூத்திர நாற்றத்துக்கு என்சைம் ஸ்ப்ரே: எட்டு மாதம் பயன்படுத்திய பிறகு

வாங்கிய முதல் வாரத்திலேயே இதை எழுதியிருந்தால் ஐந்துக்கு ஒன்றுதான் கொடுத்திருப்பேன். இப்போது நாலு. நடுவில் மாறியது எங்கள் வீட்டுப் பினாயில் பழக்கம், அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சேலம் அழகாபுரத்தில் பழைய வீடு. ஹாலில் சிவப்பு சிமெண்ட் தரை, அறைகளில் பின்னால் போட்ட டைல்ஸ். செவலை என்று ஒரு நாட்டு நாய், மிட்டாய் என்று ஒரு கடுவன் பூனை. நாயால் பெரிய தொல்லை இல்லை. முடி கொட்டும், ரப்பர் வைப்பரால் காய்ந்த தரையில் இழுத்தால் உருண்டையாகச் சுருண்டு வந்துவிடும், அவ்வளவுதான். பூனைதான் பிரச்சனை. ஒரு வயது முடியும் முன்னாலேயே வாலைத் தூக்கி நடுங்க வைத்து, நிலைக்காலில், பீரோ ஓரத்தில், ஒருநாள் மாமாவின் செருப்பில் என்று பீச்ச ஆரம்பித்தான். கடுவன் மூத்திரத்தில் ஃபெலினைன் என்று கந்தகம் உள்ள ஒரு அமினோ அமிலம் இருக்கிறது, அது சிதையச் சிதையத்தான் அந்த மண்டையைப் பிளக்கும் நாற்றம். அதனால் பெய்தபோது இருந்ததைவிட அப்புறம் அதிகமாக நாறுகிறது என்று தோன்றினால் அது உங்கள் பிரமை இல்லை.

ஐந்து ரோடு பக்கம் ஒரு பெட் ஷாப்பில் அரை லிட்டர் பாட்டில் வாங்கினேன், 450 ரூபாய். பிராண்டு பெயர் போடவில்லை. கடையில் வரிசையாக இருந்த மூன்று நாலிலும் லேபிளில் ஏறக்குறைய ஒரே சங்கதிதான். என்சைம் (நாற்றப் பொருளைச் சிதைக்கும் நொதி) அல்லது பாக்டீரியா கல்ச்சர் (அந்த நொதியைச் சுரக்கும் உயிருள்ள பாக்டீரியா) என்று இருக்கிறதா பாருங்கள், வெறும் வாசனைத் தண்ணி என்றால் வைத்துவிட்டு வாருங்கள்.

அடித்தேன், துடைத்தேன், லாவெண்டர் வாசம் வந்தது, மறுநாள் காலை லாவெண்டரோடு சேர்ந்து மூத்திரமும் வந்தது. மூன்று நாள் இதே கதை. காசு போச்சு என்று விட்டுவிட்டேன். அப்புறம் லேபிளின் பின்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் இருந்ததைப் படித்தால், கிருமிநாசினி போட்ட இடத்தில் உபயோகிக்கக் கூடாதாம். எங்கள் வீட்டில் தினமும் காலையில் அத்தை ஒரு மூடி பினாயில் ஊற்றித் துடைப்பார். பினாயில் இருப்பதே கிருமியைக் கொல்ல, இந்தப் பாட்டிலில் இருப்பதோ நாற்றத்தைத் தின்கிற பாக்டீரியா. வேலைக்கு ஆளைக் கூப்பிட்டு வாசலிலேயே அடித்துப் போட்ட மாதிரி.

பினாயிலுக்கு வேறொரு கணக்கும் இருக்கிறது. பூனையின் கல்லீரலுக்கு ஃபீனால் வகை ரசாயனங்களைச் சரியாக முறிக்கத் தெரியாது. துடைத்த ஈரத்தரையில் நடந்து, பாதத்தை நக்கி, அப்படியே வயிற்றுக்குள் ஏற்றிக்கொள்ளும். கருப்புப் பினாயில் மட்டுமல்ல, பைன் எண்ணெய் போட்ட வெள்ளைப் பினாயிலும் பூனைக்கு ஆகாது. இதை அத்தையிடம் சொன்னால், "பினாயில் வாசம் இல்லாட்டி வீடு தொடச்ச மாதிரியே இல்லையேம்மா" என்றார். சரி என்று ப்ளீச்சிங் பவுடருக்குப் போய்விடாதீர்கள். மூத்திரத்தில் வரும் அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமைன் வாயு வரும், கண் எரிந்து இருமிக்கொண்டே வெளியே ஓட வேண்டியிருக்கும்.

அத்தை மனம் மாறியது என் பேச்சால் இல்லை. கள்ளநோட்டு பார்க்கிற நீல டார்ச் ஒன்று மாமா கடையில் கிடந்தது. ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு ஹால் சுவரோரம் பிடித்தேன். நாங்கள் தேய்த்துக் கழுவியதாக நினைத்த இடமெல்லாம் மஞ்சள் பச்சையாக ஒளிர்ந்தது, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வரிசையாக, கோலம் வழிந்த மாதிரி. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்ததை நாங்கள் பார்த்ததே இல்லை. அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. "இத்தனை நாளா இதுமேலதான் பினாயில் ஊத்திட்டு இருந்தனா" என்றார்.

மூத்திரத்தில் யூரியா போன்றவை தண்ணீரில் கரைந்து போய்விடும். யூரிக் அமிலம் மட்டும் படிகமாகத் தரைத் துளையிலும் டைல்ஸ் இடுக்கிலும் உட்கார்ந்துகொள்ளும், லேசில் கரையாது. காய்ந்திருக்கும்போது சத்தமில்லாமல் இருக்கும், காற்றில் ஈரம் ஏறினால் மறுபடி நாறும். இதைக் கரைக்கத்தான் என்சைம், அதற்கு நேரம் வேண்டும். அடித்தவுடன் துடைப்பதெல்லாம் வீண். இரண்டு நாள் வெறும் வெந்நீர் ஊற்றிப் பினாயிலைக் கழுவி எடுத்தேன், அதுவும் நல்ல தண்ணியில், போர் தண்ணி சிவப்புத் தரையில் வெள்ளை வெள்ளையாக உப்பு விட்டுவிடும். பிறகு மூத்திரம் எவ்வளவு இறங்கியிருக்குமோ அவ்வளவு இறங்கும்படி ஊற்றினேன். நம்மூர் ஏப்ரல் வெயிலில் ஃபேனும் ஓடினால் பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும், என்சைம் ஒன்றும் செய்திருக்காது. மேலே ஈரத்துணி, அதற்கு மேல் பால் கவரைக் கிழித்து விரித்து ராத்திரி முழுக்க விட்டேன். இரண்டாவது தடவையில் ஹால் நாற்றம் போனது. ஐப்பசி மழையில் திரும்ப வருமா என்று காத்திருந்தேன், வரவில்லை. நிலைக்கால் மட்டும் மரம், நாலு தடவை ஆனது, குனிந்து முகர்ந்தால் இன்னும் லேசாக இருக்கிறது.

ஏற்காட்டில் அக்கா வீட்டுக்கும் ஒரு பாட்டில் எடுத்துப் போனேன், கார்த்திகை மாதம், மதியம் மூன்று மணிக்கே எதிர்வீடு தெரியாத மூடுபனி. அங்கே பிரச்சனை தலைகீழ். காயவே மாட்டேன் என்கிறது. குளிரில் என்சைமும் மெதுவாகத்தான் வேலை செய்யும். டைல்ஸ் சரியாகிவிட்டது, ஆனால் சோபா குஷன் நாலு நாள் ஈரமாகவே கிடந்து மூத்திர வாசம் போய்ப் பூஞ்சை வாசம் வந்தது. கடைசியில் ஃபோமைத் தூக்கிப் போட்டாள், உறையைத் துவைத்துப் புது ஃபோம் வைத்தாள். மலையில் இருப்பவர்கள் மெத்தை, சோபாவுக்கு இதை நம்பி இறங்க வேண்டாம்.

குறைகள் இன்னும் இரண்டு. ஸ்ப்ரே மூக்கு ஒரே மாதத்தில் அடைத்துக்கொண்டது, இப்போது மூடியில் ஓட்டை போட்டு ஊற்றுகிறேன். லாவெண்டர் தேவையே இல்லை, செவலை தும்முகிறான்.

இன்னொன்று, கருத்தடை செய்யாத கடுவன் வீட்டில் இருக்கும்வரை எத்தனை பாட்டில் வாங்கினாலும் தீராது. மிட்டாய்க்கு ஜூனில் செய்தோம், பீச்சுவது உடனே நிற்கவில்லை, சில வாரம் கழித்துத்தான் நின்றது. அதற்கு முன் மூன்று பாட்டில் தீர்ந்தது, பிறகு ஒன்றுதான், அதிலும் பாதி மிச்சம்.

அத்தை பினாயிலை முழுதாக விடவில்லை. பின்பக்க பாத்ரூமுக்கு மட்டும் என்று பேச்சு. ஊற்றிவிட்டுக் கதவைச் சாத்தித் தாழ் போடுகிறார், மிட்டாய் வெளியே உட்கார்ந்து கத்துகிறான்.