ஆயாவிடம் மேல்வேலையையும் சேர்த்துக் கொடுக்கலாமா?

கும்பகோணம் பக்கம் பிள்ளை பார்க்க ஆள் தேடுகிறவர்களின் முதல் கேள்வி சம்பளத்தைப் பற்றி இருக்காது. "பாத்திரமும் தேய்ச்சுக் குடுப்பாங்களா?" என்பதுதான். நானும் அதைத்தான் கேட்டேன். தமிழக அரசு ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பு 2021 ஜூலையிலிருந்து 12 மாதம்; அது முடிய எனக்கு மூன்று வாரம்தான் பாக்கி இருந்தது. பார்க்க வந்த அக்கா திண்ணையில் உட்கார்ந்து மோரைக் குடித்துவிட்டுச் சொன்னார்: "இடுப்புல பிள்ளையா, கையில பாத்திரமா, ஒண்ணச் சொல்லுங்க டீச்சர்." எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் பிறகு எல்லாவற்றையும் யோசிக்க முடிந்தது.

எங்கள் பக்கத்து வீடுகளில் மூன்று விதமான ஏற்பாடுகளைப் பார்க்கிறேன். ஒரே ஆள் காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்தரை வரை இருந்து பிள்ளையையும் பார்த்து, பத்துப்பாத்திரம், துணி, பெருக்கித் துடைப்பது என்று எல்லாவற்றையும் முடிப்பது ஒன்று. ஆயா பிள்ளையை மட்டும் பார்க்க, மேல்வேலைக்குக் காலையில் வேறொருவர் வந்து போவது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில், பிள்ளையைச் சேர்ந்த வேலையை மட்டும் ஆயா செய்வது மூன்றாவது: அதன் துணி, பால் பாட்டில், பருப்புசாதம் குழைப்பது, தூளி கட்டுவது, விளையாட்டுச் சாமான்களை எடுத்து வைப்பது.

ஒரே ஆள் என்பதற்கு ஆதரவாக நிறையவே இருக்கிறது. சாவி ஒருவரிடம்தான் இருக்கும். ஒருவருடைய விடுப்பைத்தான் சமாளிக்க வேண்டும். அவருக்கும் இரண்டு வீடு ஓடாமல் ஒரே இடத்தில் முழுச் சம்பளம் கிடைக்கும். பிள்ளை தூங்கும்போது சும்மா உட்கார்ந்திருந்தால் தனக்கும் தூக்கம் வருகிறது, ஏதாவது வேலை கொடுங்கள் என்று கேட்கிறவர்களும் உண்டு. என் மாமியாரின் வாதம் இன்னும் எளிது: "நாங்க நாலு பிள்ளை வளத்தோம். சமைக்காமயா இருந்தோம், மாடு கறக்காமயா இருந்தோம்?"

உண்மைதான். ஆனால் அவர் பிள்ளை வளர்த்த வீட்டில் திண்ணையில் தாத்தா இருந்தார், கூடத்தில் நாத்தனார் இருந்தார், பக்கத்து வீட்டுப் பெரியம்மா முற்றத்தில் புளி ஆய்ந்துகொண்டிருந்தார். பிள்ளை ஒரு இடுப்பிலிருந்து இன்னொரு இடுப்புக்கு மாறிக்கொண்டே இருந்தது. இன்று கதவைச் சாத்திக்கொண்டு போகிறோம். உள்ளே ஒரு பெண், ஒரு குழந்தை, அவ்வளவுதான்.

அப்புறம், நம் பழைய வீடுகள் கட்டப்பட்டிருக்கும் விதம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என்று ரயில்பெட்டி மாதிரி நீண்டுகொண்டே போகும். பாத்திரம் தேய்க்கிற இடம் கொல்லையில், துணி துவைக்கிற கல்லும் அங்கேதான். அங்கே குனிந்து தேய்க்கிறவருக்கு வாசல் தெரியாது, ரேழியில் ஏதாவது விழுந்தால் சத்தமும் கேட்காது. இரண்டு அறை ஃபிளாட்டில் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தால் பிள்ளை தெரியும். அங்கே வாழ்கிறவர்கள் சொல்லும் யோசனையை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

பெரிய பயம் தண்ணீர். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்துவிட்டார்கள் என்றால், கோடை முழுக்கப் பிள்ளைகள் மண் அளைந்த கொல்லை வாய்க்காலில் சில நாளில் தண்ணீர் ஓடும்; ஜனவரி 28 வரை முறை வைத்து வரும். பெரியவர்களுக்கு அது சந்தோஷச் செய்தி. ஒன்றேகால் வயசுப் பிள்ளைக்குப் பழகிய இடம் திடீரென்று மாறிவிடுகிறது. கிணறு, குளத்துப் படித்துறை எல்லாம் வேண்டாம், பாதி நிரம்பிய வாளியே போதும். அந்த வயதில் உடம்புக்குத் தலை பாரம். கவிழ்ந்தால் தானாக நிமிர முடியாது. மூழ்குகிற குழந்தை பெரும்பாலும் கத்தாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேல்வேலை செய்கிற ஆயா பொறுப்பில்லாதவர் என்று சொல்லவில்லை. துணி அலசும் கைக்குப் பக்கத்தில்தான் வாளி இருக்கிறது, கண் துணியில் இருக்கிறது.

சரி, பிள்ளை தூங்கும்போது செய்யட்டுமே? கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்றிலிருந்து இரண்டு வயதுப் பிள்ளைக்கு பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளில் 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டி. இரவில் பத்து மணி நேரம் போனால் பகலில் இரண்டு மணி நேரம் கிடைக்கலாம், சில நாள் முக்கால் மணிதான். அதற்குள் அவர் சாப்பிட வேண்டும், கொஞ்சம் முதுகைச் சாய்க்க வேண்டும். மிச்ச நேரத்தில் பிள்ளையின் துணியை அலசலாம். ஐந்து பேர் வீட்டின் பாத்திரமும் துணியும் அதில் அடங்காது. அடங்காதபோது என்ன நடக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும்: பிள்ளை கையில் போன் வந்துவிடும். இரண்டு வயது வரை திரையே வேண்டாம் என்று அதே வழிகாட்டிதான் சொல்கிறது. மாலையில் வந்து "போன் குடுத்தீங்களா?" என்று அதட்டுகிறோம். காலையில் துணி மூட்டையைக் கொடுத்துவிட்டுப் போனது நாம்தான்.

கைக்குழந்தை விஷயம் வேறு. நான்கு ஐந்து மாதப் பிள்ளை பகலில் நிறையத் தூங்கும், போட்ட இடத்தைவிட்டு அதிகம் நகராது. அப்போது கொஞ்சம் மேல்வேலை சேர்ந்தால் பெரிய குற்றமில்லை. சங்கடம் என்னவென்றால், அந்த மாதங்களில் பெரும்பாலும் தாயே வீட்டில் இருக்கிறாள். தனியார் நிறுவனங்களில் 2017 திருத்தத்திலிருந்து முதல் இரண்டு பிள்ளைகளுக்கு விடுப்பு 26 வாரம். அது முடிந்து கொஞ்ச நாளில் பிள்ளை தவழ ஆரம்பிக்கும். என்னைப் போன்றவர்களுக்கு ஓராண்டு முடியும்போது நடக்க ஆரம்பிக்கும். ஆயா வேலைக்குச் சேரும் நாளும் பிள்ளைக்குக் கால் முளைக்கும் நாளும் ஏறக்குறைய ஒன்றாகவே அமைகின்றன.

பிள்ளை பார்ப்பது தனி வேலை என்பதை அரசாங்கம் வயல்வெளியில் எப்போதோ ஒத்துக்கொண்டுவிட்டது. 2005-இல் வந்த 100 நாள் வேலைச் சட்டத்தில் ஒரு விதி வைத்தார்கள். வேலையிடத்துக்கு வரும் பெண்களோடு ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால், அந்தப் பெண்களில் ஒருவரைப் பிள்ளை பார்க்க நிறுத்த வேண்டும். அவருக்கும் கூலி உண்டு. பிள்ளையைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் மண்ணும் சும என்று அதில் இல்லை. வாய்க்கால் தூர்வாரும் இடத்துக்குப் பொருந்துகிற நியாயம் வீட்டுக் கூடத்துக்குப் பொருந்தாதா?

இரண்டு ஆள் வைப்பதில் செலவு கூடும், மறுக்கவில்லை. ஆனால் மேல்வேலைக்கு முழுநாள் ஆள் தேவையில்லை, நாம் கிளம்புவதற்குள் முடிகிற ஒன்றரை மணி நேரம் போதும். நகரத்துக்குள் இது நடக்கும். வலங்கைமான், பாபநாசம் பக்கத்துக் கிராமங்களில் நடவு, களை, அறுப்புக் காலத்தில் ஒருவர் கிடைப்பதே பாடு. அங்கே இருப்பவர்களுக்கு நடு ஏற்பாடுதான் சரிப்படும். பிள்ளைப் பாத்திரம் ஆயாவுக்கு, மிச்சம் மாலையில் வீட்டுக்காரர்களுக்கு. "வீட்டுக்காரர்கள்" என்று சொன்னது கணவரையும் சேர்த்துத்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கசந்தாலும் பரவாயில்லை. பிள்ளையை நாளெல்லாம் இடுப்பில் வைத்துக்கொள்ளலாம், அதற்கு ஊட்டலாம், ஆனால் அடுக்களைக்குள் வரக்கூடாது, குடிக்கத் தனி டம்ளர் என்று வைத்திருக்கும் வீடுகள் இந்தத் தெருக்களில் இன்னும் இருக்கின்றன. அந்த வீடுகளில் மேல்வேலை என்றால் கொல்லைவேலை என்று பொருள். எந்த வேலையைச் சேர்க்கலாம் என்பதை அங்கே சாதிதான் தீர்மானிக்கிறது, நேரம் இல்லை. அப்படிப்பட்ட வீட்டுக்கு மூன்று ஏற்பாட்டில் எதைச் சொல்ல? முதலில் டம்ளரை மாற்றுங்கள் என்றுதான் சொல்வேன்.

செலவைக் குறைக்க ஊரிலிருந்து உறவுக்காரச் சிறுமியைக் கூட்டிவரலாமே என்பவர்களுக்கு: 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வீட்டு வேலையில் வைப்பது 2006 அக்டோபர் 10 முதல் தடை செய்யப்பட்டது. அது பேச்சே இல்லை.

நாங்கள் நடு ஏற்பாட்டில் ஆரம்பித்தோம், பாத்திரத்துக்குக் காலையில் வேறொருவர் வந்தார். முதல் நாளே என்னென்ன வேலை என்று அந்த அக்காவோடு உட்கார்ந்து பேசி, காலண்டர் பின்பக்கம் எழுதி அடுக்களைக் கதவில் ஒட்டினோம். பிள்ளை பால்வாடிக்குப் போக ஆரம்பித்ததும் காலையில் மூன்று மணி நேரம் வீடு காலியானது. அப்போது மேல்வேலையையும் தானே செய்கிறேன் என்று அவரே கேட்டார், சம்பளத்தை ஏற்றிப் பேசினோம். அதோடு ஒரு நிபந்தனையும் வைத்தார்: புரட்டாசியில் சம்பா நடவு தொடங்கினால் பத்து நாள் வரமாட்டாராம். "நடவுக்குப் போவாம இருக்க முடியாது டீச்சர், அது எங்க ஊர்க் கூட்டம்" என்றார். காலண்டர் தாளில் அதையும் எழுதிக்கொண்டேன்.