ஸ்லாக், என்ட்ரா கவர்னன்ஸ் இணைப்பு: ஆள் போகும் நாளில் தாங்குமா?

ஆள் சேரும் நாளில் எந்த இணைப்பும் நன்றாகத்தான் தெரியும். புதியவருக்குக் கணக்கு வரவில்லை என்றால் அவரே வந்து கேட்டுவிடுவார். வேலையை விட்டுப் போனவரின் கணக்கு மூடாமல் கிடந்தால் யாரும் வந்து சொல்லமாட்டார்கள். அதனால் அலுவலக மெசேஜிங் ஆப்பான ஸ்லாக்கை, யாருக்கு எந்த ஆப்பில் அனுமதி என்பதை நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் என்ட்ரா ஐடி கவர்னன்ஸோடு இணைப்பதை, ஆள் போகும் நாளை வைத்தே இங்கே எடைபோட்டிருக்கிறோம்.

சிங்கிள் சைன்-ஆன் (ஒரே கம்பெனி லாகினில் எல்லா ஆப்பும்) இருந்தால் போதும் என்று நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. போதாது. என்ட்ராவில் ஒருவரை முடக்கினால் அவர் புதிதாக லாகின் செய்ய முடியாது, அவ்வளவுதான். போனில் ஏற்கெனவே திறந்திருக்கும் ஸ்லாக் செஷன், அதன் காலம் முடியும்வரை ஓடிக்கொண்டிருக்கும். கணக்கையே மூட ஸ்கிம் (SCIM) வேண்டும்; ஒரு சிஸ்டம் இன்னொன்றில் கணக்குகளைத் தானாகத் திறக்கவும் மூடவும் உதவும் பொது நெறிமுறை அது. ஸ்லாக்கில் அது பிசினஸ் பிளஸ் திட்டத்திலும் அதற்கு மேலும்தான் கிடைக்கும். மூடினாலும் எதுவும் அழியாது. கணக்கு டீஆக்டிவேட் ஆகும், பழைய மெசேஜ்கள் அப்படியே இருக்கும்.

இணைக்கும் வேலை சுலபம். என்ட்ராவின் என்டர்பிரைஸ் ஆப்ஸில் ஸ்லாக்கைச் சேர்த்து, புரொவிஷனிங்கை (கணக்குகளைத் திறந்து மூடும் வேலையை) ஆட்டோமேட்டிக் ஆக்கி, ஆதரைஸ் அழுத்தி, ஸ்லாக் அட்மினாக அனுமதி கொடுத்து, டெஸ்ட் கனெக்ஷன் பார்த்துவிட்டால் முடிந்தது. கவனம் வேண்டிய இடம், அந்த அட்மின் கணக்கு யாருடையது என்பது. என்ட்ரா ஸ்லாக்குக்குள் நுழையப் பயன்படுத்தும் டோக்கன் அந்தக் கணக்கோடு ஒட்டியது. அந்த ஆள் போய்க் கணக்கு மூடப்பட்டால் டோக்கனும் செத்துவிடும். அதன்பின் ஒவ்வொரு சுற்றும் தோற்கும். என்ட்ரா அந்த வேலையைக் குவாரன்டைனில் போட்டு, நாளுக்கு ஒரு தடவை மட்டும் முயன்று பார்க்கும். நான்கு வாரத்துக்கு மேல் அப்படியே கிடந்தால் நிறுத்தியே விடும். ஆகவே யாருடைய பெயரிலும் இல்லாத தனி சர்வீஸ் கணக்கில் அனுமதி கொடுங்கள். தோல்வி அறிவிப்பு போகும் மெயில் முகவரியும் ஒரு ஆளுடையதாக இல்லாமல், டீமின் பொது இன்பாக்ஸாக இருக்கட்டும்.

மேப்பிங்கில், அதாவது என்ட்ராவின் எந்த விவரம் ஸ்லாக்கின் எந்தக் கட்டத்துக்குப் போகும் என்று பொருத்துவதில், நம் பெயர்கள்தான் முதலில் இடிக்கும். ஸ்லாக்கின் யூசர்நேம் 21 எழுத்துக்குள் அடங்கவேண்டும், இன்னொருவருடையதோடு ஒத்துப்போகவும் கூடாது. ஆங்கிலத்தில் ‘பாலசுப்ரமணியன்’ மட்டுமே 15 எழுத்து; புள்ளி வைத்து ‘கிருஷ்ணமூர்த்தி’ சேர்த்தால் எல்லை தாண்டிவிடும். சரி, மிட் ஃபங்ஷன் போட்டு 20 எழுத்தில் வெட்டலாம் என்றால், பாலசுப்ரமணியன் கிருஷ்ணசாமியும் அதே 20 எழுத்தில் வந்து நிற்பார். இரண்டாமவருக்குக் கணக்கு உருவாகாது. பெயரை வெட்டாதீர்கள், யூசர்நேமுக்கு எம்ப்ளாயி ஐடியைக் கொடுங்கள், ஆளைப் பொருத்திப் பார்க்க இமெயிலை வையுங்கள். பொருத்துவதற்கு ஸ்லாக் ஏற்பது யூசர்நேமும் இமெயிலும் மட்டுமே. டிஸ்ப்ளே நேமில் ‘அட்’ குறி இருந்தால், புரொவிஷனிங் லாகில் அந்த ஆள் ‘ஸ்கிப்டு’ என்று நிற்பார். ஸ்லாக் பக்கம் புரொஃபைல் சிங்க்கை ஆன் செய்து, பயனர்கள் டிஸ்ப்ளே நேமைத் தாங்களே மாற்ற முடியாதபடி பூட்டினால்தான் அந்த மேப்பிங் பிறகு அப்டேட் ஆகும்.

ஸ்லாக் ஆப்பை யாருக்குக் கொடுப்பது என்று குரூப் அசைன் செய்யும்போது இன்னொன்று: குரூப்புக்குள் குரூப் இருந்தால், உள்ளே இருப்பவர்களை என்ட்ரா எடுத்துக்கொள்ளாது. நேரடி உறுப்பினர்கள் மட்டுமே போவார்கள்.

இப்போது ஆள் போகும் நாள். புரொவிஷனிங் சுமார் 40 நிமிடத்துக்கு ஒரு தடவை ஓடும். சாதாரண ராஜினாமாவுக்கு இது தாராளம். உடனே வெளியேற்றவேண்டிய கேஸில் 40 நிமிடம் மிக நீளம். அதற்கு ‘புரொவிஷன் ஆன் டிமாண்ட்’ (ஒரு ஆளுக்கு மட்டும் உடனே ஓட்டும் வசதி) இருக்கிறது, ஆனால் வரிசை மாறினால் வேலை செய்யாது. என்ட்ரா கணக்கை முதலில் முடக்கிவிட்டால், ஆன் டிமாண்ட் தேடலில் அந்தப் பெயரே வராது. முதலில் ஸ்லாக் ஆப்பிலிருந்து அசைன்மென்ட்டை எடுங்கள், ஆன் டிமாண்ட் ஓட்டுங்கள், பிறகு கணக்கை முடக்குங்கள். பதற்றத்தில் இருப்பவர் கை முதலில் போவது முடக்கும் பட்டனுக்குத்தான் என்பதால், இந்த வரிசையை ரன்புக்கில் (வேலைச் செய்முறைக் குறிப்பில்) எழுதியே வைக்கவேண்டும். வரிசை தப்பிவிட்டால் ஸ்லாக் அட்மின் பக்கத்தில் போய்க் கையாலேயே டீஆக்டிவேட் செய்யுங்கள்.

ஆக்சஸ் ரிவ்யூதான் கவர்னன்ஸுக்குப் பணம் கொடுப்பதற்கே காரணம். காலாண்டுக்கு ஒருமுறை மேனேஜரிடம் “இவருக்கு ஸ்லாக் இன்னும் தேவையா?” என்று கேட்கும். இங்கே இரண்டு சிக்கல். ‘ஆட்டோ அப்ளை’ ஆன் செய்யாவிட்டால், மேனேஜர் வேண்டாம் என்று சொன்னவரும், ஒருவர் போய் அப்ளை அழுத்தும்வரை உள்ளேயே இருப்பார். ரிவ்யூவில் வரும் பரிந்துரை இன்னும் நுணுக்கமானது: 30 நாளாக ஆப்பில் சைன்-இன் இல்லாதவரை நீக்கலாம் என்று அது சொல்லும். ஸ்லாக் செஷன் மாதக்கணக்கில் நீளும் இடத்தில், தினமும் ஸ்லாக்கிலேயே இருப்பவரும் என்ட்ராவின் கண்ணுக்கு வராதவர்தான். பதில் வராத ரிவ்யூவுக்குப் ‘பரிந்துரையை எடுத்துக்கொள்’ என்று செட் செய்திருந்தால், வேலையில் இருக்கிறவர் கணக்கே பறிபோகும். ஸ்லாக்கில் செஷன் காலத்தை 30 நாளுக்குள் கொண்டுவந்துவிட்டு ரிவ்யூவை ஆரம்பியுங்கள்.

இந்த இணைப்புக்கு எட்டாதவையும் உண்டு. ஸ்லாக்கின் முதன்மை உரிமையாளரான பிரைமரி ஓனரின் கணக்கை ஸ்கிம் மூடாது. ஓனர்ஷிப்பை முன்பே மாற்றிக் கொடுத்திருக்கவேண்டும். ஸ்லாக் கனெக்ட் வழியாக உங்கள் சேனலில் இருக்கும் வெளிக் கம்பெனி ஆட்கள் அவரவர் கம்பெனி கணக்கில் இருப்பவர்கள், உங்கள் ரிவ்யூவில் வரவே மாட்டார்கள். அவர்களுக்குச் சேனல் வாரியாகத் தனிப் பட்டியல் போட்டுத்தான் ஆகவேண்டும்.

ஏற்கெனவே மைக்ரோசாஃப்ட் லைசென்ஸில் இருந்து, ஆடிட்டருக்குக் கணக்குக் காட்டவேண்டிய நிறுவனம் தயங்காமல் எடுக்கலாம். ஐம்பது பேர் அலுவலகத்துக்கு ஸ்கிம் மட்டுமே போதும்; ரிவ்யூவை ஒரு ஷீட்டில் வைத்துக்கொள்ளலாம்.