வாடகைக்கே விடப்படாத வீட்டுக்கு 640 யூரோ கொடுத்தோம்: ஆம்ஸ்டர்டாம் போகத் திட்டமிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள்

கடந்த வெள்ளிக்கிழமை, 2025 ஏப்ரல் 4ஆம் தேதி இரவு பத்தரை மணிக்கு, ஆம்ஸ்டர்டாமின் யோர்டான் பகுதியில் கால்வாயை ஒட்டிய ஒரு வீட்டின் வாசலில் நாங்கள் ஆறு பேர் பைகளோடு நின்றுகொண்டிருந்தோம். அந்த வீட்டில் இரண்டு இரவுகள் தங்குவதற்கு வாடகையும் டெபாசிட்டுமாக 640 யூரோ முன்கூட்டியே செலுத்தியிருந்தோம். மூன்றாவது முறை அழைப்புமணியை அழுத்திய பிறகு கதவைத் திறந்த பெண்மணி, எங்கள் பைகளைப் பார்த்ததுமே, நாங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே தலையை அசைத்தார். "இந்த வீட்டை நாங்கள் யாருக்கும் வாடகைக்கு விடுவதில்லை. இந்த ஆண்டில் இப்படி வந்து நிற்கும் மூன்றாவது குழு நீங்கள்" என்றார். அவர் எங்கள் மீது கோபப்படவில்லை. குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்டார். எனக்குத்தான் அந்த வாசற்படியிலிருந்து கால் நகரவில்லை.

இன்றோடு ஐந்து நாட்கள் ஆகின்றன. கோபம் அடங்கிய பிறகு எழுதலாம் என்று தள்ளிப்போட்டால் அதற்குள் இன்னொரு குழு அந்த வாசலில் போய் நிற்கும் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

நாங்கள் அனைவரும் ஜெர்மனியில் டார்ட்முண்ட் நகரிலும் அதைச் சுற்றியும் படிக்கும் மாணவர்கள். வெளிநாட்டு மாணவர்கள் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டு வைத்து, மாதம் ஒரு தொகை மட்டும் எடுக்கக்கூடிய முடக்கக் கணக்கிலிருந்து மாதம் 992 யூரோ வருகிறது. அறை வாடகை, மருத்துவக் காப்பீடு, சாப்பாடு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். மிச்சத் தேவைக்கு நான் ஒரு பொட்டலக் கிடங்கில் வாரம் 20 மணி நேரம், மணிக்கு 12.82 யூரோ என்ற 2025ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிக்கு வேலை செய்கிறேன். 640 யூரோ என்பது அந்தக் கிடங்கில் நான் ஏறக்குறைய 50 மணி நேரம் பெட்டி தூக்கினால் கிடைக்கும் தொகை. இதைச் சொல்வதற்குக் காரணம், இந்தத் தொகையைக் கேட்டுவிட்டு "இவ்வளவுதானா, போகட்டும்" என்று தேற்றுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான். எங்களில் யாருக்கும் அது போகட்டும் என்று விடக்கூடிய பணம் இல்லை.

ஆம்ஸ்டர்டாமுக்கு அருகிலுள்ள கொய்க்கன்ஹோஃப் துலிப் தோட்டம் 2025இல் மார்ச் 20 முதல் மே 11 வரைதான் திறந்திருக்கும் என்பதால், தேர்வுகள் நெருங்குவதற்குள் ஒரு வார இறுதியில் போய்வந்துவிட வேண்டும் என்று முடிவு செய்தோம். நெடுந்தூரப் பேருந்துக்கு மலிவாகச் சீட்டு கிடைத்துவிட்டது. தங்குமிடம்தான் கிடைக்கவில்லை. துலிப் பருவத்தில் ஆம்ஸ்டர்டாம் விடுதிகளில் எட்டுப் பேர் படுக்கும் அறையில் ஒரு படுக்கைக்குக்கூட ஓர் இரவுக்கு 70 யூரோவுக்கு மேல் கேட்டார்கள். அப்படியிருக்கும்போது, தனியார் வீடுகளைச் சில நாட்களுக்கு வாடகைக்குப் பிடித்துத் தரும் ஒரு பெரிய இணையதளத்தில், இரண்டு இரவுக்கு 390 யூரோ என்று ஒரு வீடு தென்பட்டது. நீலமும் வெள்ளையுமான ஓடுகள் பதித்த சமையலறை, கால்வாயைப் பார்த்த வட்ட ஜன்னல், நல்ல மதிப்புரைகள் என்று எல்லாம் இருந்தன. தளத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே வகைத் தளங்கள் எல்லாவற்றிலும் இது நடக்கக்கூடும் என்பதால் பெயர் முக்கியமில்லை.

நான் எந்த இடத்தில் நம்பினேன் என்பதை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். தள்ளுபடி ஆசை காட்டி அவசரப்படுத்துகிறவன்தான் ஏமாற்றுக்காரன் என்று நான் நினைத்திருந்தேன். இந்த ஆள் ஒருமுறைகூட அவசரப்படுத்தவில்லை. நான்தான் முதலில் செய்தி அனுப்பினேன். தளத்தின் செய்திப் பெட்டியில் இரண்டு பதில்கள் அனுப்பிய பிறகு, வாட்ஸ்அப்பில் பேசினால் வீட்டின் காணொளியை அனுப்ப வசதியாக இருக்கும் என்று சொல்லி எண் கொடுத்தார். காணொளியும் வந்தது. மறுநாள் மாலை அவரே அழைத்து இருபது நிமிடம் பேசினார். தானும் ஒரு காலத்தில் வெளிநாட்டில் மாணவனாக இருந்தவன் என்றார். பேருந்து ஸ்லோட்டர்டைக் நிலையத்தில்தான் நிற்கும், அங்கிருந்து ட்ராம் பிடிப்பது எப்படி என்று விளக்கினார். எங்களில் சைவம் சாப்பிடுகிறவர்கள் உண்டா என்று கேட்டார், உண்டு என்றேன். "அப்படியானால் அரிசியும் பருப்பும் எடுத்து வாருங்கள், சோறு வடிக்கும் மின்குக்கர் இருக்கிறது, வெளியே சாப்பிட்டுப் பணத்தை வீணாக்காதீர்கள்" என்றார்.

நான் விழுந்தது அந்த இடத்தில்தான். நான்கு பேரோ ஆறு பேரோ சேர்ந்து பயணம் போகும் நம்மவர்கள் எதற்கெல்லாம் கணக்குப் பார்ப்பார்கள் என்பதை அந்த மனிதர் சரியாகத் தெரிந்து வைத்திருந்தார். வாடகையைக் குறைத்து மட்டும் அவர் என் நம்பிக்கையைப் பெறவில்லை. எங்கள் சிக்கனத்தை மதிப்பவர்போலப் பேசித்தான் பெற்றார். அழைப்பை முடித்துவிட்டு என் அறைத்தோழியிடம் "நல்ல மனுஷர்" என்று சொன்னேன். அந்தச் சொல்லை நினைக்கும்போதெல்லாம் உடம்பு எரிகிறது.

அதன் பிறகுதான் பணப் பேச்சு வந்தது. தளத்தின் வழியாகப் பதிவு செய்தால் நான்கு பேருக்கு மேல் அனுமதிக்காது, மேலும் கட்டணமும் பிடித்துக்கொள்வார்கள், ஆகவே நேரடியாக வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள், இருவருக்குக் கூடுதல் மெத்தை போட்டுத் தருகிறேன் என்றார். வாடகை 390, திரும்பத் தரப்படும் டெபாசிட் 250, மொத்தம் 640 யூரோ. அவர் அனுப்பிய ஐபான் எண், அதாவது ஐரோப்பிய வங்கிக் கணக்கு எண், நெதர்லாந்தைக் குறிக்கும் 'என்.எல்.' என்ற எழுத்துகளில் தொடங்காமல், லிதுவேனியாவைக் குறிக்கும் 'எல்.டி.' என்று தொடங்கியதை நான் கவனித்தேன். கவனித்தது மட்டுமல்ல, கேட்கவும் செய்தேன். இணைய வங்கி ஒன்றில் கணக்கு வைத்திருப்பதாகவும், இப்போது பலருக்கும் அப்படித்தான் இருக்கிறது என்றும் சொன்னார். என் வகுப்புத் தோழர்கள் சிலரின் கணக்குகளும் அவ்வாறே தொடங்குவதால் அந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது. மார்ச் 25ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை மாலை, உடனடிப் பணமாற்றம் செய்தேன். சில நொடிகளில் பணம் போய்ச் சேர்ந்தது. பத்து நிமிடத்தில் தளத்தின் சின்னத்தோடும் பதிவு எண்ணோடும் ஓர் உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் வந்தது. அது தளத்திலிருந்து வந்த மின்னஞ்சல் அல்ல. அனுப்புநர் முகவரியில் தளத்தின் பெயரோடு கூடுதலாக ஒரு சிறுகோடும் ஒரு சொல்லும் சேர்ந்திருந்ததை வெள்ளிக்கிழமை இரவு அந்த வாசற்படியில் உட்கார்ந்துதான் பார்த்தேன்.

அன்றிரவு அவரது எண் அணைக்கப்பட்டிருந்தது. நகருக்கு வெளியே ஒரு விடுதியில் ஆளுக்கு 72 யூரோ கொடுத்து ஓர் இரவு படுத்தோம். கொய்க்கன்ஹோஃப் நுழைவுச்சீட்டை நேரம் குறித்து முன்பே வாங்கியிருந்ததால் சனிக்கிழமை அங்கே போனோம். பூக்களைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். பாத்திகளுக்கு நடுவே நின்று வங்கியின் எண்ணுக்கு அழைத்துக்கொண்டே இருந்ததுதான் நினைவில் இருக்கிறது. ஜெர்மனியில் அட்டைகளை முடக்குவதற்கான 116 116 என்ற எண்ணையும் அழைத்தேன். அட்டை தொலைந்தால் அந்த எண் உதவும். நாமே கையால் அனுப்பிய பணத்தை அவர்களால் நிறுத்த முடியாது.

திங்கட்கிழமை முதல் நடந்தவை இவை. தளத்தின் உதவி மையத்தில் முதலில் பதில் சொன்னது இயந்திரம். நான்கு முறை அதே கேள்விகளைக் கேட்ட பிறகு ஒரு மனிதர் வந்து, பணம் தளத்துக்கு வெளியே செலுத்தப்பட்டிருப்பதால் தங்களிடம் பதிவு எதுவும் இல்லை, பதிவு இல்லாததால் புகாரும் இல்லை என்று எழுதினார். விளம்பரம் உங்கள் தளத்தில்தானே இருந்தது, அந்த ஆளை நான் உங்கள் செய்திப் பெட்டியில்தானே சந்தித்தேன் என்று கேட்டேன். "உங்கள் ஏமாற்றத்தைப் புரிந்துகொள்கிறோம்" என்று ஒரு வரி வந்தது; உரையாடல் மூடப்பட்டது. செவ்வாய்க்கிழமை மீண்டும் எழுதியபோது முதல் பதிலையே, ஒரு சொல்கூட மாறாமல், வேறொருவர் பெயரில் அனுப்பினார்கள். ஆறு மாணவர்களின் 640 யூரோவுக்கு அவர்கள் இரண்டு பதிலை எழுதக்கூட நேரம் ஒதுக்கவில்லை.

வங்கிக் கிளையில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டார், ஆனால் அவர் சொன்னதும் கிட்டத்தட்ட அதுவேதான். என் அனுமதியின்றிப் பணம் எடுக்கப்பட்டிருந்தால் வங்கி பொறுப்பேற்கும். நானே ஒப்புதல் கொடுத்து அனுப்பிய பணத்துக்குப் பொறுப்பேற்காது. நேரடிப் பற்று முறையில் ஒரு நிறுவனம் என் கணக்கிலிருந்து எடுத்த பணமாக இருந்தால் எட்டு வாரத்துக்குள் காரணம் சொல்லாமலே திரும்பக் கேட்டிருக்கலாம். பணமாற்றத்துக்கு அந்த உரிமை கிடையாது. பணத்தைத் திரும்பக் கேட்கும் கோரிக்கையை எதிர்முனை வங்கிக்கு அனுப்பலாம், கணக்குக்காரர் சம்மதித்தால் பணம் வரும் என்றார். திருடியவரின் சம்மதத்துக்காகக் கட்டணம் கட்டிக் காத்திருக்கிறேன். மார்ச் 25க்கும் ஏப்ரல் 4க்கும் இடையிலான பத்து நாளில் அந்தக் கணக்கில் என்ன மிஞ்சியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

ஆம்ஸ்டர்டாம் காவல் நிலையத்தில், நீங்கள் வசிக்கும் இடத்தில் புகார் கொடுங்கள் என்றார்கள். இங்கே வந்து, நாங்கள் வசிக்கும் நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநிலக் காவல்துறையின் இணைய வாயில் வழியாகப் புகார் பதிந்தேன். கோப்பு எண் வந்திருக்கிறது. வேறு நாட்டு நிறுவனங்களோடு வரும் வழக்குகளுக்கு இலவசமாக உதவும் ஐரோப்பிய நுகர்வோர் மையத்தின் ஜெர்மன் கிளை கேல் நகரில் இருக்கிறது. தளத்தின் நடத்தையைப் பற்றி அவர்களுக்கும் எழுதியிருக்கிறேன்.

தோழர்கள் ஐந்து பேரும் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அக்டோபரில் வந்து சேர்ந்த இளையவள், ஜெர்மனியை விட்டு முதல்முறை வெளியே வந்தவள், "விடுங்கக்கா, சம்பாதிச்சுக்கலாம்" என்றாள். அவள் பங்கு ஏறக்குறைய 107 யூரோ. அதை அவள் எப்படிச் சேர்த்தாள் என்பது எனக்குத் தெரியும். எல்லோரும் என் கணக்குக்கு அனுப்ப, நான்தான் அந்தப் பொத்தானை அழுத்தினேன். மாதாமாதம் கொஞ்சமாக அவளுக்காவது திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

பயணத் திட்டமிடலுக்கு விரிவான குறிப்புகள் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது இவ்வளவுதான் எழுத முடிகிறது. தளத்தின் பணம் செலுத்தும் பக்கத்தை விட்டு வெளியே ஒரு யூரோவும் கொடுக்காதீர்கள். வெளியே வா என்று அழைக்கிறவரிடம் அந்த நொடியே பேச்சை நிறுத்துங்கள். தங்குமிடத்துக்கு வங்கிப் பணமாற்றம் வேண்டவே வேண்டாம், கடன் அட்டை என்றால் வங்கி வழியாகத் திரும்பக் கோரும் வாய்ப்பாவது இருக்கும். ஆம்ஸ்டர்டாமில், 2025 நிலவரப்படி, தனியார் வீட்டை ஆண்டுக்கு 30 இரவுகளுக்கு மேல் சுற்றுலாப் பயணிகளுக்கு விடக்கூடாது, ஒரு நேரத்தில் நான்கு பேருக்கு மேல் தங்கவைக்கக்கூடாது, விளம்பரத்தில் நகராட்சிப் பதிவு எண் இருக்க வேண்டும். ஆறு பேருக்கு இடம் தருகிறேன் என்று ஒருவர் சொன்னாலே அதில் கோளாறு இருக்கிறது. எனக்கு இது பிறகுதான் தெரிந்தது. பெறுநரின் பெயரும் ஐபானும் பொருந்துகின்றனவா என்று சரிபார்ப்பது யூரோ நாட்டு வங்கிகளுக்கு 2025 அக்டோபர் 9 முதல்தான் கட்டாயம். நான் பணம் அனுப்பிய மார்ச்சில், எழுதிய பெயரை வங்கி பார்த்திருக்கும் என்று நம்ப இடமில்லை.

இன்று காலை அதே தளத்தில் அதே படங்களோடு, வேறொரு பெயரில், விளம்பரம் மீண்டும் வந்திருக்கிறது. ஈஸ்டர் வார இறுதிக்கு இடம் காலியாக இருப்பதாகப் போட்டிருக்கிறார்கள். தளத்துக்குத் தெரிவித்து ஐந்து மணி நேரம் ஆகிறது, இன்னும் எடுக்கவில்லை. நீலமும் வெள்ளையுமான ஓடுகள் பதித்த சமையலறை, அதற்கு எதிரே கால்வாயைப் பார்த்த வட்ட ஜன்னல், ஜன்னலடியில் மஞ்சள் நிற நாற்காலி. இந்தப் படங்களைக் கண்டால் பணம் அனுப்பாதீர்கள், உங்கள் குழுவில் யார் பணம் கட்டப்போகிறாரோ அவரிடம் இதை இன்றே காட்டுங்கள்.