தெர்மாகோலை பிளைவுட்டில் ஒட்ட பாலியூரிதேன் பசை: பயன்படுத்திப் பார்த்த அனுபவம்

ரப்பர் பசையைத் தடவிவிட்டு பிளைவுட்டைத் தூக்கி வருவதற்குள் தெர்மாகோலில் குழி விழுந்திருந்தது. மைக்கா ஒட்டப் பயன்படுமே, அந்த மஞ்சள் பசைதான். அதில் கலந்திருக்கும் டொலுயீன் போன்ற கரைப்பான்கள் பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். தெர்மாகோல் முழுக்க பாலிஸ்டைரீன், அதுவும் பெரும்பகுதி வெறும் காற்று, அதனால் துளி கரைந்தாலே பெரிய பள்ளம். ஒரு ஷீட் போச்சு. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து யோசித்து, மிச்சம் கிடந்த துண்டுகளில் ஒவ்வொரு பசையாகப் போட்டுப் பார்த்தேன்.

கடைசியில் என் வேலையை முடித்துக் கொடுத்தது ஈரத்தில் இறுகும் பாலியூரிதேன் பசை. பாட்டிலில் வரும், பழுப்பு நிறம், தேன் மாதிரி மெதுவாக இறங்கும். மற்ற பசைகள் உள்ளே இருக்கும் தண்ணீரோ கரைப்பானோ வெளியேறினால்தான் காயும்; இது நேர்மாறாக, வெளியிலிருந்து கொஞ்சம் ஈரத்தை வாங்கிக்கொண்டு இறுகுகிறது. ஃபோமின் வழியாக எதுவும் எளிதில் ஆவியாகிப் போகாது என்பதால் இந்த ஒரு குணமே அதற்குப் பெரிய பலம். மரப்பலகையின் மேல் ஸ்பிரே பாட்டிலால் லேசாகத் தண்ணீர் அடித்தேன், பலகை நனையக் கூடாது, தொட்டால் ஈரம் தெரிந்தால் போதும். பிறகு ஃபோம் பக்கம் பசையைக் கோடு கோடாக ஊற்றி, பட்டித் தகட்டால் மெல்லிசாக இழுத்துவிட்டு, இரண்டையும் சேர்த்தேன்.

மறுநாள் சோதனைத் துண்டைப் பிய்த்துப் பார்த்தபோது பசை விடவில்லை, ஃபோம்தான் கிழிந்தது. பலகை முழுக்க வெள்ளை மணிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அதுதான் நான் எதிர்பார்த்தது. ஃபோமைவிட வலுவான பிடிப்பு இருந்து என்ன பயன், எப்படியும் முதலில் கிழிவது ஃபோம்தானே? அதனால் அட்டையில் போட்டிருக்கும் வலிமைக் கணக்கைப் பார்த்து விலை உயர்ந்த எபாக்சி பசைக்குப் போக வேண்டியதில்லை.

குறையும் சொல்ல வேண்டும். இந்தப் பசை இறுகும்போது நுரைத்து உப்பும். மேலே சரியான பாரம் இல்லாவிட்டால் ஷீட்டையே தூக்கிவிடும். நான் நான்கு மூலையில் மட்டும் பாரம் வைத்த பலகையில் நடுப்பகுதி எழும்பி நின்றது. இன்னொரு தட்டையான பலகையை மேலே போட்டு, பாரத்தை அதன் மேல் பரப்பி வைத்தபோது அந்தத் தொல்லை இல்லை. கையில் பட்டால் கறை பல நாள் போகாது, கையுறை கட்டாயம். இறுகாத பசையில் மூச்சுக்கு ஒத்துக்கொள்ளாத ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது, ஆகவே ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையை வேறு யாரிடமாவது கொடுப்பது நல்லது.

சரி, மரவேலைக்கான வெள்ளைப் பசை? ஃபோமைத் தின்னாது, துடைப்பதும் சுலபம், சிறிய துண்டுகளுக்குத் தாராளமாகப் போடலாம். ஆனால் அகலமான ஷீட்டில் தண்ணீர் வெளியேற மரத்தின் பக்கம் மட்டுமே வழி. நான்கு நாள் கழித்துப் பிரித்தபோது ஓரம் காய்ந்து, நடுவில் அப்படியே ஈரமாகக் கிடந்தது. பலகை மேல் லேமினேட்டோ பெயின்ட்டோ இருந்தால் அந்த வழியும் அடைந்துவிடும். சூட்டில் உருக்கி ஒட்டும் ஹாட் குளூவை ஃபோம் மேல் நேராக வைத்தால் ஃபோம் உருகும், ஏனென்றால் பாலிஸ்டைரீன் 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே இளகிவிடும். ஏற்கனவே நிற்கும் சுவரில் ஒட்டுவதென்றால் குழாயில் அடைத்து வரும், ‘கன்’ என்ற கைக்கருவியில் போட்டு அழுத்தும் கார்ட்ரிட்ஜ் பசை வசதி, கெட்டியாக இருப்பதால் வழியாது; ஃபோம் போர்டுக்கு ஏற்றது என்று அட்டையில் எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். ஸ்பிரே பசைக்கும் இதே கதைதான்.

எந்தப் பசையானாலும் ஒட்டும் பரப்பு முக்கியம். வழவழப்பான எக்ஸ்பிஎஸ் போர்டை (இதுவும் பாலிஸ்டைரீன் ஃபோம்தான், ஆனால் மணி மணியாக இருக்காது) உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் தூசி தட்டிய பிறகுதான் நன்றாகப் பிடித்தது. அலுமினியத் தாள் ஒட்டி வரும் போர்டில் நீங்கள் ஒட்டுவது அந்தத் தாளைத்தான், தாள் உரிந்தால் கூடவே எல்லாம் வந்துவிடும்.

அப்புறம், பாட்டிலைத் திறந்துவிட்டால் காற்றில் உள்ள ஈரமே உள்ளிருக்கும் பசையை இறுக்க ஆரம்பித்துவிடும். அதனால் சின்ன பாட்டிலாக வாங்கி, மூடும் முன் அழுத்திக் காற்றை வெளியேற்றிவிட்டு மூடுங்கள். என் முதல் பாட்டிலில் பாதி அப்படித்தான் கல்லாகிப் போனது.