ஹீட்டர் கோர் போயிடுச்சு என்று சொன்னால் உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள்

பழைய கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். ஒரே கோளாறுக்காக ஒரே ஒர்க்‌ஷாப்புக்கு மூன்று முறை அலைந்தேன். இரண்டு பெரிய பில் கட்டினேன். கோளாறு மட்டும் அப்படியே இருந்தது. ஒர்க்‌ஷாப் பெயரைப் போடவில்லை. ஆனால் அங்கே என்னிடம் சொன்னதையே வேறு இடத்தில் வேறு ஒருவர் உங்களிடமும் சொல்லலாம். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

என்னுடையது 2006 மாடல். சில மாதங்களாக வென்ட்டில் வரும் காற்று குறைந்துகொண்டே வந்தது. ப்ளோயரை, அதாவது காற்றை ஊதும் விசிறியை, நாலாம் நம்பரில் வைத்தால் டாஷ்போர்டுக்குள் இரைச்சல் பலமாகக் கேட்கும், ஆனால் கையை வென்ட்டில் வைத்தால் யாரோ மெல்ல ஊதுவதுபோலத்தான் இருக்கும். ஒரு மழை இரவில் முன்கண்ணாடி முழுக்க உள்பக்கம் பனி படர்ந்துவிட்டது. டிஃப்ராஸ்ட் போட்டும் விலகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் துண்டால் துடைத்துக்கொண்டே வந்தாள், நான் அவள் துடைத்த இடத்து வழியாகப் பார்த்து ஓட்டினேன். எதிரே வந்த வண்டியின் வெளிச்சம் அந்த ஈரக் கண்ணாடியில் பட்டதும் சாலையே தெரியாமல் போனது. மறுநாள் காலையிலேயே ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விட்டேன்.

அங்கே இருந்தவரிடம் நான் தெளிவாகச் சொன்னேன்: "காத்து ரொம்பக் கம்மியா வருது. வர்ற காத்து சூடாத்தான் இருக்கு." அவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "ஹீட்டர் கோர் அடைச்சிருக்கு சார். டாஷ்போர்டையே இறக்கணும். நாலு நாள் ஆகும்" என்றார். டாஷ்போர்டு இறக்கும் வேலை என்றால் கூலி எவ்வளவு ஏறும் என்று பழைய கார்க்காரர்களுக்குத் தெரியும். பாகத்தின் விலையைவிடக் கூலிதான் பெரிது. பயத்தில் சரி என்றுவிட்டேன்.

இந்த இடத்தில்தான் நான் ஏமாந்தேன். காற்றும் சூடும் இரண்டு தனி வேலைகள். ஹீட்டர் கோர் என்பது டாஷ்போர்டுக்குள் இருக்கும் சின்ன ரேடியேட்டர்தான். எஞ்சினைக் குளிர வைத்துச் சூடான திரவம், அதாவது கூலன்ட், அதற்குள் ஓடுகிறது, ப்ளோயர் தள்ளும் காற்று அதன் செதில்கள் வழியாகப் போய்ச் சூடாகி வெளியே வருகிறது. கோரின் உள்ளே துருவும் சேறும் அடைத்தால் காற்று வழக்கம்போல வேகமாக வரும், சூடு மட்டும் குறையும். எனக்கு நேர்மாறாக இருந்தது: சூடு இருந்தது, காற்று இல்லை. செதில்களில் வெளிப்பக்கம் குப்பை அப்பினால் காற்று குறையும் என்பது உண்மைதான், ஆனால் அதற்குச் சுத்தம் செய்தாலே போதும். கோரை மாற்ற வேண்டியதில்லை.

நாலு நாள் கழித்து வண்டியை எடுத்தேன். துருப்பிடித்த, ஈரமான ஒரு பழைய கோரை எடுத்துக் காட்டினார்கள். "பாருங்க சார், இதான் உங்க வண்டியில இருந்தது." பார்த்தேன், நம்பினேன், போனில் ஒரு படமும் எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வரும் வழியிலேயே தெரிந்துவிட்டது, காற்று கொஞ்சமும் கூடவில்லை. கூடவே டாஷ்போர்டின் ஒரு மூலையில் புதிதாக ஒரு கடகட சத்தம்.

அடுத்த வாரம் ப்ளோயரின் முதல் மூன்று வேகமும் செத்துப்போயின. நாலாவது மட்டும் ஓடியது. திரும்பப் போனால், "மோட்டார் வீக் ஆயிடுச்சு" என்று இன்னொரு பில். மோட்டார் மாற்றியாகிவிட்டது என்றார்கள். அப்போதும் நாலாம் நம்பர் மட்டும்தான் ஓடியது. மூன்றாம் முறை போனபோது கன்ட்ரோல் பேனலையே மாற்ற வேண்டும் என்றார்கள். அன்றுதான் சாவியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

தெரிந்தவர் மூலமாக, பல வருஷம் கார் ஒயரிங் வேலை பார்த்த ஒரு பெரியவரிடம் போனேன். முழுக்கதையையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "தம்பி, நாலாம் நம்பர்ல மோட்டார் சுத்துதுல்ல? அப்புறம் மோட்டார் எப்படி போயிருக்கும்?"

அவர் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். பழைய கார்களில் பெரும்பாலும் குறைந்த வேகங்களுக்கான மின்சாரம் ஒரு ரெசிஸ்டர் (மின்சாரத்தைக் குறைத்து அனுப்பும் பாகம்) வழியாகப் போகும். உச்ச வேகத்துக்கு அது தேவையில்லை, பேட்டரி மின்சாரம் நேராக மோட்டாருக்குப் போய்விடும். அதனால் உச்ச வேகம் மட்டும் ஓடுகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது ரெசிஸ்டரையும் அதன் கனெக்டரையும்தான். அந்த ரெசிஸ்டர் சூடாகும் பொருள், அதைக் குளிர வைப்பதே ப்ளோயர் காற்றுதான். அதனால்தான் காற்றுப் பாதையிலேயே பொருத்தியிருக்கிறார்கள். காற்று அடைத்துக்கொண்டால் அது வெந்துபோகும். என் வண்டியில் முதலில் காற்று குறைந்து, பிறகு வேகங்கள் செத்ததற்கு இதுதான் காரணம். ஒரே அடைப்பு, இரண்டு கோளாறு.

குளோவ் பாக்ஸைக் கழற்றினார். பின்னால் கேபின் ஃபில்டர், வண்டிக்குள் வரும் காற்றை வடிகட்டுவது. வெளியே இழுத்தபோது என் கையில் வந்தது காகித ஃபில்டர்போலவே இல்லை. கறுத்து, கனத்து, ஈரக் கம்பளித் துண்டுபோல இருந்தது. மடிப்புகளுக்குள் காய்ந்த இலைக்காம்புகளும் விதைகளும் பூஞ்சைநாற்றமும். என் வண்டியில் இப்படி ஒரு ஃபில்டர் இருப்பதே எனக்கு அன்றுவரை தெரியாது. அதன் கீழே ப்ளோயர் மோட்டார். திருகுகளின் தலையில் தூசி கெட்டியாக, ஸ்க்ரூடிரைவர் படாமல் படிந்திருந்தது. மோட்டாரைக் கழற்றித் துடைத்ததும் தயாரிப்பு முத்திரை தெரிந்தது: 2006. புது மோட்டாருக்கு நான் பணம் கட்டி மூன்று வாரம்கூட ஆகவில்லை. விசிறிச் சக்கரத்தின் இதழ்களுக்கு நடுவே நொறுங்கிய இலை அப்பியிருந்தது. ரெசிஸ்டரின் கனெக்டர் பழுப்பேறி உருகியிருந்தது.

பிறகு பானெட்டைத் திறந்து, எஞ்சினுக்கும் கேபினுக்கும் இடையில் இருக்கும் தகட்டுச் சுவரைக் காட்டினார். ஹீட்டர் கோருக்குப் போகும் இரண்டு ரப்பர் ஹோஸும் அங்கேதான் நுழைகின்றன. கோரை மாற்ற வேண்டுமென்றால் அந்த ஹோஸ்களைக் கழற்றியே ஆக வேண்டும். ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் இரண்டும் துருப்பிடித்து, விளிம்பில் காய்ந்த கூலன்ட் உப்புப்போலப் படிந்து, அந்தப் படிவில் ஒரு கீறல்கூட இல்லை. போனில் இருந்த படத்தை ஒப்பிட்டோம். எனக்குக் காட்டிய கோரில் குழாய்கள் ஒரு பக்கமாக வளைந்திருந்தன. என் வண்டியில் நேராக வெளியே வருகின்றன.

புது ஃபில்டர், ரெசிஸ்டர், கனெக்டர். முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுவாயில் கிடந்த இலைகளையும் அள்ளி எறிந்தோம். அரை நாளில் வேலை முடிந்தது. இப்போது இரண்டாம் நம்பரிலேயே கண்ணாடி தெளிகிறது.

ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் முன் நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது, செலவே இல்லாதது. வண்டியைக் கொஞ்ச நேரம் ஓட்டி எஞ்சினை முழுச் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, அந்த இரண்டு ஹோஸையும் கனமான துணி வைத்து, கவனமாகத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் நல்ல சூடு என்றால் கோருக்குள் கூலன்ட் ஓடுகிறது. ஒன்று சூடு, மற்றொன்று ஆறியிருக்கிறது என்றால் கோர் அடைத்திருக்கலாம், அல்லது கோருக்குக் கூலன்ட்டை விடும் ஹீட்டர் வால்வு திறக்காமல் இருக்கலாம். இரண்டுமே வெதுவெதுப்பு என்றால் எஞ்சின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருக்கலாம், கூலன்ட் குறைந்திருக்கலாம், கூலன்ட் பாதைக்குள் காற்று சிக்கியிருக்கலாம். சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள், கொதிநீர் முகத்தில் பீறிட்டுவிடும்.

காற்று பலமாக இருந்து, கால்பக்கம் வராமல் கண்ணாடிக்கே போகிறது என்றால் அது டாஷ்போர்டுக்குள் காற்றைத் திசை திருப்பும் சின்னக் கதவுகளின் பிரச்சினை. சில பழைய கார்களில் அந்தக் கதவுகளை எஞ்சின் வெற்றிடம்தான் இழுக்கிறது, மேடு ஏறும்போது மட்டும் காற்று திசை மாறினால் எங்கோ ஒரு மெல்லிய வேக்கம் (வெற்றிட) குழாய் விரிசல் விட்டிருக்கலாம். டாஷ்போர்டுக்குள் டிக் டிக் என்று தொடர்ந்து சத்தம் கேட்டால் பெரும்பாலும் அந்தக் கதவுகளை நகர்த்தும் சின்ன மோட்டாரான ஆக்சுவேட்டரின் பல் உடைந்திருக்கும். நிஜமாகவே கோர் ஒழுகினால் அது தெரியாமல் போகாது: கேபினுக்குள் தித்திப்பான வாடை, கண்ணாடியில் பிசுபிசுப்பான படலம், கால் வைக்கும் கார்பெட்டில் ஈரம். இவற்றில் எதுவுமே இல்லாமல் டாஷ்போர்டை இறக்க யாராவது கேட்டால், "ஹோஸ் சூட்டை என் கண் முன்னாடியே பாருங்க" என்று சொல்லுங்கள். வேலைக்கு விடும் முன் கிளாம்ப்பையும் மோட்டார் முத்திரையையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்கி, வண்டியில் உள்ள இடத்தோடு பொருத்திப் பாருங்கள்.

படங்களோடு அந்த ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பப் போனேன். மோட்டார் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், "பையன் மாத்த மறந்துட்டான்" என்றார்கள். கோரை மாற்றியதாகத்தான் இன்னும் சாதிக்கிறார்கள். கிளாம்ப் படங்களையும் பில்லையும் வைத்து எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். அந்தக் கிளாம்ப்களை இதுவரை யாரையும் தொட விடவில்லை.