வாய் ஓயாது, வேலை ஓடாது: குழந்தை உளவியல் மதிப்பீட்டுக்குப் போன அனுபவம்

மகளுக்கு 9 வயது. ஸ்பைனா பிஃபிடா (பிறவியிலேயே முதுகெலும்பு சரியாக மூடாத குறை), மூளையில் சேரும் நீரை வடிக்கத் தலையில் ஷன்ட் என்ற குழாய். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். பள்ளிப்பையை அடுக்கச் சொன்னால் பாதியிலேயே நின்றுவிடுவாள். சோம்பேறி என்று திட்டியிருக்கிறேன். உளவியலாளர் 2 நாள் சோதித்துவிட்டுச் சொன்னார்: மூளையில் நீர் கோத்த பிள்ளைகள் பலருக்குப் பேச்சு சரளமாக வரும், கணக்கும் கவனமும், ஒரு வேலையை வரிசையாகச் செய்வதும்தான் தடுமாறும். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அப்புறம், கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் மெல்லிய குழாய்) போடும் படிகளைப் படமாக வரைந்து குளியலறைச் சுவரில் ஒட்டச் சொன்னார். இப்போது அவளே செய்துகொள்கிறாள், என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு!

குறை ஒன்று உண்டு. அறிக்கை வர 6 வாரம் ஆனது. அதுவும் ஆசிரியருக்குப் புரியாத நடையில். நானே உட்கார்ந்து விளக்க வேண்டியதாயிற்று.